சேலத்து அரண்மனைகளில் ராஜகுருவுக்கு என்ன வேலை?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், வண்டி மலையேறத் தொடங்குவதற்கு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் பழைய நுழைவு வளைவு நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒருகாலத்தில் நாடு நாடாகக் கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு ஊர் திரும்பிய டி.ஆர். சுந்தரம், 1930களின் நடுவில் தொடங்கிய ஸ்டூடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் அங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அந்த நிறுவனத்தின் சாதனைப் பட்டியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். அங்கே எடுத்த ராஜாராணிப் படங்கள் ஆட்சியைப் பற்றி என்ன நினைத்தன என்பதை அவ்வளவாக யாரும் கேட்டதில்லை. கத்திச்சண்டைப் படத்தில் அப்படி என்ன அரசியல் இருந்துவிடப் போகிறது என்ற அலட்சியம்தான் காரணம்.

இந்தப் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டுக்கு அமைதி வேண்டும், குடிமக்களுக்கு நல்வாழ்வு வேண்டும் என்று அரசவையில் எல்லோரும் பேசுவார்கள். எல்லைக்கு அப்பால் பகைவன் இருப்பதாகவும் சொல்வார்கள். கதை முடிந்தபின் கணக்குப் பார்த்தால், வெளிப்பகைவனால் வந்த கேடு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அரியணைக்குப் பக்கத்தில் பணிவாக நிற்பவனிடமிருந்து வந்திருக்கும். அவன் மந்திரியாக இருக்கலாம், ராஜகுருவாக இருக்கலாம், மந்திரவாதியாகவும் இருக்கலாம். அரசனுக்கோ அரசிக்கோ எந்தச் சேதி போக வேண்டும், எது போகக் கூடாது என்று தீர்மானிப்பவன் அவன். எனவே சேலத்து அரண்மனைகளில் சீர்திருத்தம் என்பது புதுச் சட்டம் போடுவதல்ல. அந்த ஆளைத் தாண்டி உண்மையை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்த வேலையை ஒரு பெண்ணும் அவளோடு நிற்கும் ஓர் ஆணும் சேர்ந்து செய்கிறார்கள். வாள்வீச்சு டிக்கெட்டுக்காக, கதையை நகர்த்துவது சேதி. இதைக் குழந்தைத்தனமான கற்பனை என்று ஒதுக்குவது தவறு, ஆட்சியைப் பற்றிய கூர்மையான கருத்து ஒன்று இதில் இருக்கிறது என்பதே என் வாதம்.

மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 1942இல் வந்த ‘மனோன்மணி’; பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தது. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகம்தான் மூலம். இன்று அரசு விழாக்களில் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்திலிருந்து எடுத்ததுதான். பாண்டியன் சீவகன் நல்லவன், ஆனால் சொன்னதை நம்புகிறவன். அமைச்சன் குடிலன் எது சொன்னாலும் தலையாட்டுகிறான். மகள் மனோன்மணிக்குச் சேரன் புருடோத்தமனை மணம் பேசினால் இரு நாட்டுக்கும் நடுவில் இருக்கும் நாஞ்சில் வழக்கு தீர்ந்துவிடும் என்று சுந்தர முனிவர் சொல்கிறார். குடிலன் தன் மகனையே தூது அனுப்பி, மணப்பேச்சைப் போராக மாற்றிவிடுகிறான். கல்யாணத்தில் முடிய வேண்டியது ரத்தத்தில் முடியப் பார்க்கிறது. கடைசியில் அமைதி எந்த வழியாக வருகிறது? கோட்டை வாசல் வழியாக அல்ல. முனிவர் ரகசியமாகத் தோண்டிவைத்த சுரங்கத்தின் வழியாக, குடிலனைக் கட்டிய கையோடு, மணமகன் அரண்மனைக்குள் வந்து நிற்கிறான். கனவில் கண்ட முகத்தை நேரில் கண்ட மனோன்மணி அவன் கழுத்தில் மாலையிடுகிறாள். வாசல் முழுவதும் அமைச்சன் கையில் இருக்கும்போது வேறு வழி ஒன்று வேண்டும் என்பதை அந்தச் சுரங்கத்தைவிட நேராகச் சொல்ல முடியாது.

இரண்டாவது, 1947இல் வந்த ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’. பெரிய எழுத்துப் புத்தகங்களாக ஊர்ச்சந்தைகளில் விற்ற கதை இது. அபூர்வ சிந்தாமணி அழகி, படித்தவள். தன்னை மணக்க வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்கிறாள்; பதில் தெரியாதவன் தலை போகும். அவள் கொடுங்கோலியாகத் தெரிகிறாள். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருந்து அவளை இயக்குபவன் அவளுடைய குருவாக இருக்கும் மந்திரவாதி. பதில் தேடிப் புறப்படும் நாயகன் போரிடப் போவதில்லை; ஊர் ஊராகப் போய் விடையைச் சேகரிக்கிறான். விடை கையில் வந்ததும் குருவின் கட்டு அறுந்துபோகிறது. சிந்தாமணியாக நடித்தவர் வி.என். ஜானகி. அவருடைய பெயரைப் பின்னால் வேறு ஓர் இடத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவதான ‘மந்திரி குமாரி’யில்தான் இந்தச் சிந்தனை முழுமையாக வெளிப்படுகிறது. 1950இல் வந்தது, கதை வசனம் மு. கருணாநிதி, இயக்கம் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும், இசை ஜி. ராமநாதன். முல்லை நாட்டில் ராஜகுருவின் மகன் பார்த்திபன் தளபதி பதவிக்கு ஆசைப்படுகிறான். அரசனோ வீரமோகனைத் தளபதியாக்குகிறான். அந்த வீரமோகன் எம்.ஜி.ஆர். பதவி கிடைக்காத பார்த்திபன் இரவில் வழிப்பறிக்காரனாகிறான். வீரமோகன் அவனைப் பிடித்துச் சபையில் நிறுத்துகிறான். சாட்சி இருக்கிறது, குற்றவாளி கையில் இருக்கிறான். ஆனாலும் தீர்ப்பு அம்மனின் வாக்குக்கு விடப்படுகிறது. கோயிலில் சிலைக்குப் பின்னால் மறைந்து நின்று, பார்த்திபன் நிரபராதி என்று அம்மனின் குரலில் சொல்பவள் அவனைக் காதலிக்கும் மந்திரியின் மகள் அமுதவல்லி. அரசனும் சபையும் கைகூப்பிக் கேட்கிறார்கள். தண்டனை உண்மையைச் சொன்ன வீரமோகனுக்குப் போகிறது. இளவரசி ஜீவரேகா அவன் பக்கம் நிற்கிறாள். இந்த ஒரு காட்சியில் படம் சொல்ல வந்தது முழுவதும் இருக்கிறது. நீதி கேட்க வேண்டிய இடத்தில் அருள்வாக்கு கேட்டால், சிலைக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் ஆட்சி செய்வார்கள்.

இந்தக் கதையின் வேர் ‘குண்டலகேசி’. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான அது பெரும்பாலும் அழிந்துபோய், சில பாடல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தன்னைக் காப்பாற்றி மணந்தவளையே நகைக்காக மலையுச்சிக்கு அழைத்துப்போகும் திருடன், சாவதற்கு முன் உங்களை வலம்வந்து வணங்குகிறேன் என்று சொல்லி அவனையே தள்ளிவிடும் பெண்: இதுதான் பழைய கதை. பௌத்தர்களின் பாலி மரபில் அந்தத் திருடன் புரோகிதன் ஒருவனின் மகன். அங்கே தகப்பனுக்குக் கதையில் பெரிய வேலை கிடையாது. கருணாநிதி செய்தது என்னவென்றால், அந்தத் தகப்பனைக் கூப்பிட்டு நடுச்சபையில் உட்காரவைத்தது. எம்.என். நம்பியார் நடித்த ராஜகுரு அப்படிப் பிறந்தவர். மலையுச்சிக் காட்சிக்கு ஏற்காட்டு மலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தக் காட்சியில் வரும் பாட்டும் அந்த உச்சியும் இன்றும் பேசப்படுகின்றன. கதையின் நெஞ்சு அங்கே இல்லை, கோயிலில் இருக்கிறது என்பது என் எண்ணம். உச்சியில் அமுதவல்லி கொல்வது தன் கணவனை. கோயிலில் தான் சொன்ன பொய்யின் விலையைத்தான் அங்கே கட்டுகிறாள்.

இந்த மூன்று படங்களையும் வரிசையாக வைத்தால் ஒரு மாற்றம் தெரிகிறது. 1891இன் நாடகத்தில் குரு நல்லவர், அமைச்சன் கெட்டவன். 1947இல் குருவே மந்திரவாதியாகிறார். 1950இல் அமைச்சர் நல்லவராகிவிட்டார், ராஜகுருதான் வில்லன். அறுபது ஆண்டுகளில் அரண்மனைக்குள் நாற்காலி மாறியிருக்கிறது. தற்செயல் என்று இதைத் தள்ள முடியாது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தான். அதற்கு முன்பே, 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். சீர்திருத்தம் என்ற சொல்லை மேடையில் இரு தரப்பினரும் உரக்கப் பேசிய ஊர் இது. ஸ்டூடியோவின் சுவருக்கு வெளியே நடந்த பேச்சு உள்ளே போகாமல் இருக்குமா?

இன்னொரு காரணம் நிலத்தில் இருக்கிறது. 1800களின் தொடக்கத்தில் கம்பெனி அரசு சேலம் மாவட்ட நிலங்களை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டது. மிட்டாதார், அவருக்குக் கீழே மணியக்காரர், கணக்குப்பிள்ளை. ராசிபுரத்திலோ பரமத்தியிலோ கேணி இறைத்துப் பயிர் செய்தவனுக்குக் கலெக்டர் முகம் தெரியாது, கவர்னர் பெயர் தெரியாது. அரசாங்கம் என்று அவன் அறிந்ததெல்லாம் நடுவில் நின்றவர்களைத்தான். வரி எவ்வளவு, தள்ளுபடி உண்டா, பட்டா யார் பேரில் என்பதெல்லாம் அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. ராஜா நல்லவர்தான், நம் குறை அவர் காதுக்குப் போகவில்லை என்று திரையில் ஒரு கிழவன் சொன்னால், அந்த மண்ணின் ரசிகனுக்கு அது கட்டுக்கதையாகத் தெரிந்திருக்காது. 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டில் ‘மந்திரி குமாரி’ வந்தது. இடைத்தரகனின் வீழ்ச்சியைப் பார்க்க ரசிகன் ஏற்கெனவே தயாராக இருந்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இருக்கின்றன. முதல் ஆட்சேபம், சுந்தரம் வியாபாரி, சீர்திருத்தவாதி அல்ல என்பது. உண்மைதான். 1940இல் அவர் எடுத்த ‘உத்தம புத்திரன்’ இரும்பு முகமூடி மனிதனின் பிரெஞ்சுக் கதை. 1951இன் ‘சர்வாதிகாரி’ ஹாலிவுட் படம் ஒன்றின் தழுவல். ‘மனோன்மணீய’மே லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையை ஒட்டி எழுந்ததுதான். எங்கே நல்ல சரக்கு இருந்தாலும் எடுத்துக்கொண்டார். ஆனால் வியாபாரி என்பதால்தான் அவருடைய தேர்வு நமக்குச் சாட்சியாகிறது. உலகத்தில் கதைக்கா பஞ்சம்? அத்தனையிலும் அரசனின் காதைப் பிடித்துவைத்திருக்கும் ஆலோசகன் வரும் கதைகளே திரும்பத் திரும்ப இங்கே வந்து தங்கின என்றால், டிக்கெட் வாங்கியவனுக்கு அது பிடித்திருக்கிறது என்றுதான் பொருள். கொள்கைக்காரன் தனக்குப் பிடித்ததை எடுப்பான். வியாபாரி ஊருக்குப் பிடித்ததை எடுப்பான்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ‘ராஜா நல்லவர், மந்திரிதான் மோசம்’ என்பது உலகம் முழுவதும் மன்னர்களைக் காப்பாற்றிய பழைய தந்திரம். ரஷ்யக் குடியானவர்கள் ஜார் மன்னரைத் தந்தை என்று நம்பி அதிகாரிகளை மட்டும் சபித்ததும் இதே கணக்குதான். ஆலோசகனை ஒழித்துவிட்டு அரியணையை அப்படியே விட்டுவைப்பது என்ன சீர்திருத்தம்? இந்தக் கேள்விக்கு ‘மனோன்மணி’யிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். சீவகனின் முட்டாள்தனத்துக்கு யாரும் அவனைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ‘மந்திரி குமாரி’யின் அரசனை அப்படி மன்னித்துவிட முடியாது. தன் தளபதியின் சாட்சியத்தைவிடச் சிலையின் குரலை அவன் நம்புவதைப் பார்க்கிறவனுக்கு, ராஜகுருவின் மேல் கோபமும் ராஜாவின் மேல் இளக்காரமும் சேர்ந்தே வருகின்றன. நேராக அரசனைத் திட்ட முடியாத கதையில், அவனைக் கேலிக்கு ஆளாக்குவதே பாதி வேலை. அந்தப் பாதையை எட்டு ஆண்டு கழித்து ‘நாடோடி மன்னன்’ முடித்துவைத்தது. அது சேலத்துப் படமல்ல, எம்.ஜி.ஆர். தானே தயாரித்து இயக்கியது. ஆனால் பயிற்சி சேலத்தில் பெற்றது. மன்னனைப் போல முகம்கொண்ட சாமானியன் வீராங்கன் அரியணையில் அமர்கிறான்; இங்கும் ராஜகுருதான் வில்லன், பி.எஸ். வீரப்பா. அரசி மனோகரிக்கு இவன் தன் கணவனல்ல என்று தெரிந்தபின், அவளைத் தங்கையாக ஏற்று, நாட்டுக்கான திட்டங்களைச் சபையில் அறிவிக்கிறான். கடைசியில் முடியாட்சியே போய் மக்களாட்சி வருகிறது.

மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் என்னால் முழுவதும் மறுக்க முடியவில்லை. பெண்ணைக் கொண்டு உண்மையைக் கண்டுபிடிக்கும் இந்தப் படங்கள், கண்டுபிடித்ததும் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்து அனுப்பிவிடுகின்றன. ஆண் வாடையே ஆகாது என்று ஆண்ட அல்லியை அர்ச்சுனன் வசப்படுத்தும் நம் பழைய கதைக்கும், சிந்தாமணியின் கேள்விகளுக்கு விடை சொல்லி அவளை மணப்பதற்கும் அதிக தூரமில்லை. சுந்தரத்தின் சொந்த ஊரான திருச்செங்கோட்டில் மலைமேல் இருப்பவர் அர்த்தநாரீசுவரர், சரிபாதி பெண். அந்த ஊர்க்காரர் கட்டிய அரண்மனைகளில் ஆட்சியில் மட்டும் பெண்ணுக்குப் பாதி கிடைக்கவில்லை. ஒன்றை மட்டும் இவற்றின் பக்கம் சொல்லலாம். அல்லி கதையில் வெல்வது அர்ச்சுனனின் தந்திரம். சேலத்துப் படங்களில் வெல்வது உண்மை. அதைப் பெண்ணும் ஆணும் பங்குபோட்டுக்கொண்டு தேடுகிறார்கள். பொய் சொன்ன அமுதவல்லியே பின்னால் உண்மையைச் சொல்லாவிட்டால் வீரமோகனின் பெயர் சுத்தமாகியிருக்காது.

ஆனாலும் குறை குறைதான். இந்தப் படங்களுக்குக் கல்யாணத்துக்கு மறுநாள் என்ற ஒன்று இல்லை. மாலை மாற்றியதும் திரை விழுந்துவிடுகிறது. உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: கஜானாவில் பணம் இருக்கிறதா, போன ராஜகுருவின் ஆட்கள் எத்தனை பேர் இன்னும் பதவியில் இருக்கிறார்கள், அரசி சொன்னால் படை கேட்குமா. மதுரையில் 1689 முதல் 1706 வரை பேரனின் பெயரால் ஆண்ட ராணி மங்கம்மாள் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் தினமும் விடை தேடியவர். பக்கத்தில் கணவனும் இல்லை. சாலையும் சத்திரமும் அவர் பெயரைச் சொல்கின்றன. பேரன் வளர்ந்தபின் அவரைச் சிறைவைத்தார்கள் என்று மரபு சொல்கிறது. அப்படி ஓர் ஆட்சியின் நடுநாட்களைக் காட்ட நம் கற்பனை அரண்மனைகளுக்குப் பொறுமை இருந்ததில்லை. ‘நாடோடி மன்னன்’ ஒன்றுதான் திட்டங்களை வாசிக்கும் வரையாவது வந்தது. அங்கும் வாசித்தவன் வீராங்கன், அரசி கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் இல்லாத மறுநாளை இந்தப் படங்களோடு தொடர்புடையவர்களே வெளியில் வாழ்ந்து பார்த்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு, பரம்பரையாக வந்த மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை ஒரே உத்தரவில் ஒழித்தது; பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். படம் நடித்ததால் சட்டம் போட்டார் என்று நான் சொல்லவில்லை. நடுவில் நிற்பவனை எடுத்துவிட்டால் ஆட்சி குடிமகனுக்கு நேராகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை அந்த உத்தரவிலும் இருந்தது. ‘அபூர்வ சிந்தாமணி’யாக நடித்து, பின்னால் எம்.ஜி.ஆரின் மனைவியான வி.என். ஜானகிக்கு வாய்த்தது வேறு விதம். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். 1988 ஜனவரி 7 அன்று தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சராக ஜானகி பதவியேற்றார். துணைக்கு நின்றவர் போய்விட்டார், கட்சி இரண்டாகிவிட்டது, யார் சொல்வதைக் கேட்பது என்பதே அன்றைய கோட்டையில் பெரிய கேள்வியாக இருந்தது. ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டமன்றத்துக்குள் அடிதடி நடந்தது. 30ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. மொத்தம் 24 நாட்கள். சீர்திருத்தத்துக்கு அல்ல, அமைதிக்கே அந்த நாட்கள் போதவில்லை. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் ஆண்டிபட்டியில் அவர் தோற்றார். அதே தேர்தலில் வென்று, 1989 ஜனவரி 27 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் ‘மந்திரி குமாரி’க்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி.